தில்லி மாநகரில் மலர்க் கையுறை

மலரின்றித் தமிழர் வாழ்வில் மங்கலம் இல்லை. மணமக்கள் தோளிலும், தெய்வத்தின் திருமுடியிலும், இறுதியாக விடைபெறுவோர் மார்பிலும் மலரே இடம்பெறுகின்றது. நிலத்தையும் ஒழுக்கத்தையும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என மலரின் பெயரால் வழங்கியவர் நம் முன்னோர். வெட்சி சூடினான் என்றால் ஆநிரை கவரப் புறப்பட்டான் என்றும், வாகை சூடினான் என்றால் வென்று மீண்டான் என்றும் உலகம் அறிந்துகொண்டது.

மலரைச் சூடுவது ஒரு செயல். மலரைப் பிறருக்கு விடுப்பது வேறொரு செயல். சூடுவோர்க்குத் தம் கையே போதும். விடுப்போர்க்கோ இடையில் மற்றொரு கை வேண்டும். பொன்னையும் பட்டையும் எத்தனை நாளாயினும் வழியில் வைத்திருக்கலாம். மலர் அவ்வாறு காத்திராது. காலையில் பறித்தது மாலைக்குள் சேர வேண்டும். ஆகவே மலர்க் கையுறையின் வரலாறு பெரிதும் அதனைக் கொண்டு சேர்க்கும் கையின் வரலாறே எனலாம். நாம் வாழும் தில்லி மாநகர் அவ்வரலாற்றில் தனியிடம் பெற்றது. அதனை ஈண்டுச் சிறிது காண்போம்.

தோழியும் தூதும்

காணச் செல்லும்போது கையில் கொண்டு செல்லும் அன்பளிப்பைக் கையுறை என்றனர் நம் பழம்புலவர். அகப்பாடல்களில் தலைவன் தழையும் பூவும் கொணர்ந்து தோழியிடம் நீட்டுகிறான். தலைவியைச் சேருமுன் அம்மலர் தோழியின் கையைக் கடந்தாக வேண்டும். அவள் அதனை ஏற்கலாம், தலைவியிடம் பரிந்து பேசலாம், மறுக்கவும் செய்யலாம். குறுந்தொகையின் முதற்பாடலே தோழி கையுறை மறுப்பதாக அமைந்ததுதான். திப்புத்தோளார் பாடிய அப்பாட்டில், தலைவன் கொணர்ந்தது காந்தள். எங்கள் குன்றிலேயே காந்தள் நிறைந்து கிடக்கின்றது என்று தோழி மறுமொழி கூறுகின்றாள். சொல்லில் கடுமை இல்லை. ஆயினும் மறுப்பில் ஐயமும் இல்லை.

இங்கே நாம் கருதத் தக்கது ஒன்றுண்டு. தோழி வெறும் சுமைகூலி அல்லள். அவள் பேசுகின்றாள், ஆராய்கின்றாள், முடிவும் செய்கின்றாள். இருவருக்கு இடையே நின்று செய்தி உரைப்போரை வாயில்கள் எனப் பெயரிட்டுப் பன்னிருவராக வகுத்தது தொல்காப்பியம். இடையில் நிற்பவருக்கும் இலக்கணத்தில் இடமளித்த மொழி நம் மொழி. பூ விற்போரையும் நம் புலவர் மறந்தாரல்லர். போர் சூழ்ந்த ஊரில் பூவிலைப் பெண்டின் நிலை கண்டு இரங்கும் பாடல் புறநானூற்றில் உள்ளது. மதுரைக் காஞ்சி காட்டும் கடைத்தெருவிலும் மலர் விற்போர் நடமாடுகின்றனர்.

மலர் விடு தூதின் முழு வடிவத்தைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். ஊடிப் பிரிந்த கோவலனுக்கு மாதவி திருமுகம் விடுக்கும் செய்தி வேனிற்காதையில் வருகின்றது. சண்பகமும் மாதவியும் மல்லிகையும் செங்கழுநீரும் விரவிய மாலை. அதனிடையே தாழையின் வெண்டோடு. பித்திகையின் மொட்டு எழுத்தாணி. செம்பஞ்சுக் குழம்பு மை. தாளும் மையும் உறையும் எல்லாம் மலர்த்தோட்டத்திலிருந்தே வந்தன. வசந்தமாலை அதனை ஏந்திச் சென்று கூலமறுகில் கோவலனிடம் நீட்டினாள். அவன் வாங்க மறுத்தான். வாடிய உள்ளத்தோடு அவள் மீண்டு வந்து மாதவியிடம் கூறினாள்.

பின்னர் மதுரைப் புறஞ்சேரியில் கோசிகன் என்னும் அந்தணன் கொணர்ந்த ஓலையைக் கோவலன் ஏற்கின்றான். ஓலையின் மண்பொறியில் படிந்திருந்த கூந்தல் நெய்யின் மணமே அவனுக்கு மாதவியை முதலில் நினைவூட்டுகின்றது. முதல் தூதில் மலர் இருந்தது. ஏற்கும் மனம் இல்லை. இரண்டாம் தூதில் மனம் கனிந்திருந்தது. சிறிது மணமே போதுமாயிற்று. ஆனால் காலமோ கடந்துவிட்டது. மலரைப் போலவே அன்பும் உரிய பொழுதில் சேர வேண்டும் என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது.

வடபுலத்து மலர் மரபு

தமிழுக்கும் வடபுலத்துக்கும் மலர் வழியாக ஒரு தொடர்பைப் பழைய உரைக்குறிப்பு கூறும். ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழ் அறிவிக்கக் கபிலர் பாடியது குறிஞ்சிப்பாட்டு என்பது அது. தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த 99 பூக்களின் பெயர் அப்பாட்டில் வரிசையாக வருகின்றது. இனி அவ்வடபுலத்தின் தலைநகருக்கு வருவோம்.

நாம் பூச்செண்டு என்பதைத் தில்லி மக்கள் குல்தஸ்தா என்பர். குல் என்பது பாரசீகத்தில் மலர்; தஸ்த் என்பது கை. கைகொள்ளும் அளவுக்கு மலர் என்பது அச்சொல்லின் உட்பொருள். மலரோடு கையும் இணைந்தே நிற்கும் சொல் அது.

நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்காவில் வசந்த பஞ்சமியன்று மஞ்சள் மலர் ஏந்திச் செல்லும் விழா இன்றும் நடைபெறுகின்றது. அதன் தோற்றத்தை மரபுக்கதை ஒன்று விளக்கும். தம் மருமகன் தகியுத்தீன் நூஹ் மறைந்த துயரில் அவுலியா புன்னகை மறந்திருந்தார். அவர் சீடரும் பெருங்கவிஞருமான அமீர் குஸ்ரோ, மஞ்சளாடை உடுத்தி கடுகுப்பூ ஏந்திக் கோயிலுக்குச் சென்ற பெண்களைக் கண்டார். தாமும் அவ்வாறே கடுகுப்பூ ஏந்தி ஆசான் முன் சென்று நிற்க, அவர் முகத்தில் புன்னகை அரும்பியது என்பர். வயல்தோறும் பூத்துக் கிடக்கும், விலையில்லாத கடுகுப்பூவே அவ்வன்பளிப்பு.

பூ விற்போர் பெயரால் ஒரு விழா

தில்லியின் மலர் வரலாற்றில் தலையாயது மெஹ்ரௌலியில் தோன்றிய 'பூல்வாலோன் கீ சைர்' என்னும் விழாவாகும். முகலாயப் பேரரசு பெயரளவில் நின்ற காலம் அது. இரண்டாம் அக்பர் ஷாவின் மைந்தர் மிர்ஸா ஜஹாங்கீர், செங்கோட்டையில் ஆங்கிலேய ரெசிடெண்ட் சீட்டன்மீது துப்பாக்கியால் சுட்டார். சீட்டன் உயிர் தப்பினார். இளவரசர் அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டார். மகன் மீண்டு வந்தால் மெஹ்ரௌலியில் உள்ள குவாஜா பக்தியார் காக்கியின் தர்காவில் மலர்ப்போர்வை சாத்துவதாக அரசி மும்தாஜ் மஹல் நேர்ந்துகொண்டார். மகன் மீண்டார், 1812ஆம் ஆண்டளவில் நேர்த்திக்கடன் நிறைவேறியது. அருகிலுள்ள யோகமாயா கோயிலுக்கும் மலர் விசிறி அனுப்பப்பட்டது. அன்றுமுதல் தர்காவுக்குப் போர்வையும் கோயிலுக்கு விசிறியுமாக இரு சமயத்தாரும் கூடிச் செல்லும் பெருவிழாவாக அது வளர்ந்தது.

1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது ஆங்கில அரசு இவ்விழாவை நிறுத்தியது. விடுதலைக்குப் பின், 1960களின் தொடக்கத்தில், பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் ஊக்கத்தால் இது மீண்டும் உயிர்பெற்றது. மாநிலங்களும் மலர் விசிறி அனுப்பிக் கலந்துகொள்ளும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது.

விழாவின் பெயரை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். நேர்ந்துகொண்டவர் அரசி, செலவு செய்தது அரண்மனை, மீண்டவர் இளவரசர். இவர்களில் எவர் பெயரும் விழாவுக்கு அமையவில்லை. 'பூ விற்போர் உலா' என்பதே அதன் பொருள். கட்டிய கையும் சுமந்த தோளுமே பெயர் பெற்றன. அரசு போயிற்று, அரசியின் பெயரைப் பலர் மறந்தனர், பூ விற்போர் பெயர் மட்டும் இரு நூற்றாண்டு கடந்தும் நிற்கின்றது.

டாலியும் தந்தியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் மலர் அளிப்பு வேறு முகம் காட்டியது. தட்டில் மலரும் கனியும் காய்கறியும் பரப்பி அதிகாரிகளின் மாளிகைக்கு அனுப்புவதை டாலி என்றனர். 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இச்சொல்லுக்கு விளக்கம் தருகின்றது. தோட்டக்காரன் நாள்தோறும் துரைமுன் வைக்கும் கூடைக்கும் அதுவே பெயர். அன்பு எங்கே முடிகிறது, கைக்கூலி எங்கே தொடங்குகிறது என்னும் ஐயம் இத்தட்டுகளோடு வந்தது. சிறுமதிப்புள்ள மலரையும் கனியையும் அரசுப் பணியாளர் ஏற்கலாம். ஆயினும் அதனை ஊக்குவித்தல் ஆகாது என்று அக்கால நடத்தை விதிகள் கூறின. செயலக வேலைக்காகத் தில்லிக்கு வந்த தமிழர் பலர் இத்தகைய விதிகளுக்கு உட்பட்டு வாழ்ந்தவரே. இதன் எதிரொலி அண்மையிலும் கேட்டது. 2017 ஜூலையில் மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய மடலில், சுற்றுப்பயணம் வரும் பிரதமருக்குப் பூச்செண்டு வேண்டா; அளிப்பதாயின் ஒற்றை மலரோடு கதர்க் கைக்குட்டையோ நூலோ போதும் என்று அறிவுறுத்தியது.

இதனிடையே மேலைநாட்டில் ஒரு புதுமை தோன்றியது. வாடும் மலரைத் தொலைவுக்கு அனுப்புவது எவ்வாறு? மலரை அனுப்ப வேண்டா. செய்தியை மட்டும் அனுப்பினால் போதும் என்று பூக்கடைக்காரர் கண்டனர். இவ்வூர்க் கடையில் பணம் செலுத்தினால், பெறுவோர் ஊரிலுள்ள உறுப்பினர் கடைக்குத் தந்தி பறக்கும். அக்கடைக்காரர் தம் ஊரில் அன்று கிடைத்த புதுமலரால் செண்டு கட்டி, வீட்டு வாயிலில் கொண்டு சேர்ப்பார். கணக்கை இரு கடைக்காரரும் பின்னர்த் தீர்த்துக்கொள்வர். 1908இல் பெர்லினில் மாக்ஸ் ஹூப்னர் இதற்கு வழிகோலினார். 1910இல் அமெரிக்கப் பூக்கடைக்காரர் தந்திவழி மலர் வழங்கும் சங்கம் கண்டனர். 1923இல் பிரிட்டனிலும் இது பரவியது. 1946இல் இம்மூன்று அமைப்புகளும் இன்டர்ஃப்ளோரா என உலகளவில் இணைந்தன.

குன்றத்துக் காந்தளைக் குறுந்தொகைத் தோழி சுட்டிக் காட்டியதும் இங்கு நினைவுக்கு வருகின்றது. அந்தந்த ஊரின் மலரே அந்தந்த ஊருக்கு உரியது என்பதை வணிகமும் தன் வழியில் உணர்ந்தது. ஆனால் ஒரு மாறுதல் நேர்ந்தது. தான் அனுப்பும் மலரை அனுப்புவோர் காணார். கொண்டு செல்வோரையும் அறியார்.

இன்றைய தலைநகர்

தில்லியில் பூ வாணிகம் நெடுங்காலம் மூன்று இடங்களில் நிலைகொண்டிருந்தது. ஃபதேபுரியை ஒட்டிய காரீ பாவலி, கன்னாட் பிளேஸில் அனுமன் கோயிலருகே பாபா கடக் சிங் மார்க், மெஹ்ரௌலி ஆகியன அவை. பொழுது புலருமுன் கூடிக் கதிர் ஏறுமுன் கலையும் சந்தைகள் அவை. 2011இல் மொத்த வாணிகம் யமுனைக்குக் கிழக்கே காஜிப்பூருக்கு ஒருங்கே மாற்றப்பட்டது. செண்டுமல்லி, ரோஜா, கிளாடியோலஸ் முதலாகத் தாய்லாந்து ஆர்க்கிட் ஈறாக அனைத்தும் அங்கே குவிகின்றன.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15இல். அதற்கு ஓராண்டு முன்னர், 1994இல், தில்லியில் ஒரு பூக்கடையாகத் தொடங்கிய ஃபெர்ன்ஸ் என் பெட்டல்ஸ் பின்னர் நாடெங்கும் மலர் சேர்ப்பிக்கும் பெருநிறுவனமாயிற்று. தந்தியோ 2013 ஜூலையில் நம் நாட்டினின்றும் விடைபெற்றது. எண் குறித்தால் வாழ்த்து அச்சாகி வந்த வாழ்த்துத் தந்திகளை நம்மிற் பலர் பெட்டிகளில் இன்னும் போற்றி வைத்துள்ளோம். இன்று கைப்பேசியில் விரல் பட்ட சில மணி நேரத்தில் பூச்செண்டு வாயிலில் நிற்கின்றது. பிப்ரவரி 14இல் தில்லி இளைஞர் கைமாற்றும் செந்நிற ரோஜாக்களில் ஒசூரில் விளைந்தனவும் உண்டு. ஒசூர்த் தோட்டங்கள் வளர்க்கும் செந்நிற வகை ஒன்றன் பெயர் தாஜ்மகால். வடநாட்டுக் காதல் சின்னத்தின் பெயர் தாங்கித் தமிழ்மண்ணில் பூத்து, மீண்டும் வடக்கே வருகின்றது அம்மலர்.

தில்லித் தமிழர்க்கு இவற்றினும் அணுக்கமானது மல்லிகை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். விடியலில் மொட்டாகப் பறித்துப் பனிக்கட்டியோடு பெட்டியில் அடைத்தால்தான் அது தொலைவூர்களில் சென்று மலரும். வடநாட்டார் கஜ்ராவை ஊசியால் கோப்பர். நாமோ மொட்டைக் குத்தாமல் நாரால் முடிச்சிட்டுத் தொடுப்போம். அளப்பதோ முழம்; விற்பவர் கையே அளவுகோல். மலையும் கடலும் கடந்த விலையேற்றத்திலும் அந்த முழம் மாறவில்லை.

இன்று நம் பிள்ளைகள் பலர் அயல்நாடுகளில் வாழ்கின்றனர். பெற்றோரின் மணநாளிலோ பிறந்தநாளிலோ அங்கிருந்தே மலர் விடுக்கின்றனர். முதியோர் கதவைத் திறக்கின்றனர், செண்டைப் பெறுகின்றனர், அட்டையில் மகன் பெயரையோ மகள் பெயரையோ படித்து உள்ளம் நெகிழ்கின்றனர். அப்பொழுது வாயிலில் நிற்பவர் யார்? கோடையில் 45 பாகை தொடும் வெயிலிலும், மார்கழித் தில்லியின் மூடுபனியிலும் இருசக்கர வண்டியில் விரைந்து வந்த ஓர் இளைஞர். செண்டுக்குத் தண்ணீர் தெளித்துக் காத்துவந்தவர் தாம் தண்ணீர் அருந்த நேரமின்றி நிற்கின்றார். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இத்தகைய பணியாளருக்கு முதன்முதலாகச் சட்டத்தில் ஒரு பெயர் வழங்கியது. அது நன்று. ஆயினும் சட்டம் தரும் பெயர் வேறு. வாயிலில் நிற்கும்போது நாம் அழைக்கும் பெயர் வேறு.

தமிழ் மரபு தோழிக்குச் சொல் தந்தது. இளங்கோவடிகள் வசந்தமாலைக்குப் பெயர் தந்தார். தில்லி மாநகர் பூ விற்போர்க்கு ஒரு விழாவையே தந்தது. இம்மூன்று மரபுக்கும் உரியவர் இந்நகர்த் தமிழராகிய நாம். மலர் கொணர்ந்தவரின் பெயரைக் கேட்டு, ஒரு குவளைத் தண்ணீர் தந்து, 'நன்றி தம்பி' என்று கூறி விடுப்பது நம்மால் இயலாத செயலன்று. அனுப்பியவர் தொலைவில் இருக்கின்றார். அவர் அன்பை நம் கையில் வைத்த கை இதோ அருகில் இருக்கின்றது. மலரை மட்டுமன்றி அக்கையையும் போற்றும் பண்பு நம்மிடையே தழைத்தோங்குவதாக!