குழிக்குள் வளர்ந்த ஊர்: ஹெடிங்டன் குவாரியும் ஆக்ஸ்போர்டின் பருவங்களும்

ஆக்ஸ்போர்டு நகர மையத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ மூன்று மைல் குன்றேறிப் போனால் ஹெடிங்டன் குவாரி வரும். அங்கே தெருக்கள் நேராக ஓடுவதில்லை. ஒரு வீட்டின் வாசல் சந்தோடு சமமாக இருக்கும். அடுத்த வீட்டின் கூரையோ சந்தில் நடப்பவரின் கால்மட்டத்துக்கு இறங்கிக் கிடக்கும். கல் எடுத்து முடித்த குழிகளின் தரையிலேயே குடியிருப்புகள் எழுந்ததால் வந்த அமைப்பு இது. பிட்ஸ் ரோடு, குவாரி ஹாலோ என்ற தெருப்பெயர்கள் இன்றும் அதைச் சொல்கின்றன. வெளியாள் பார்வைக்கு இது நகரம் விழுங்க மறந்த பழங்கிராமம். அந்தப் பார்வை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். குவாரியின் நிலவடிவம், தொழில், பேர்போன முரட்டுக் குணம், உலகறிந்த அதன் ஆட்டம் ஆகிய நான்கும், பல்கலைக்கழக நகரம் எதை எப்போது கேட்டது, எப்போது கேட்காமல் விட்டது என்பதிலிருந்து பிறந்தவை.

கல்லிலிருந்து தொடங்குவோம். ஹெடிங்டன் கல் ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல். 1396-97இல் நியூ காலேஜின் மணிக்கோபுரத்துக்கு அதைக் கொண்டுபோனதே முதல் பதிவு. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் வாதம் கல்லூரி, போட்லியன் நூலகத்தின் சதுக்கக் கட்டடங்கள், கிரைஸ்ட் சர்ச்சின் பெக்வாட்டர் சதுக்கம் என வரிசையாக இந்தக் கல்லே நகரமாயிற்று. இரண்டு வகை உண்டு. ஒன்று உளிக்கு எளிதில் இணங்கும் மென்கல். மற்றது அடித்தளத்துக்கு ஏற்ற வன்கல். கட்டுபவர்கள் மென்கல்லையே விரும்பினார்கள், பின்னால் நகரம் வருந்தியதும் அதற்காகத்தான். நிலக்கரிப் புகை படிந்து அதன்மேல் கடினமான கறுப்புப் பொருக்கு கட்டியது. பொருக்கு கொப்பளித்து உரிந்தபோது அடியிலிருந்த கல் மாவாக உதிர்ந்தது. நிலவியலாளர் டபிள்யூ. ஜே. ஆர்க்கெல் 1947இல் வெளியிட்ட ‘ஆக்ஸ்போர்டு ஸ்டோன்’ என்னும் நூல் இந்த வரலாற்றைக் கல் கல்லாகச் சொல்கிறது. பத்தாண்டு கழித்துப் பழங்கட்டடங்களுக்கென நிதி திரட்டப்பட்டு, பெருமளவு முகப்புகள் ரட்லண்டின் கிளிப்ஷாம் கல்லால் மாற்றப்பட்டன. ஆக, இன்று சுற்றுலாப் பயணி படமெடுக்கும் ஆக்ஸ்போர்டின் பொன்னிறத்தில் பெரும்பங்கு குவாரியுடையது அல்ல. குவாரியில் மிஞ்சியவை குழிகள்.

மென்கல்லின் பெயர் கெட்ட பிறகு ஊர் அழிந்திருக்க வேண்டும். அழியாததற்குக் காரணம் கல்லுக்குப் பக்கத்திலேயே களிமண் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு செங்கல் வீடுகளாகப் பரவியபோது குவாரிக்காரர்கள் உளியை வைத்துவிட்டுச் செங்கல் அச்சை எடுத்தார்கள். பலர் கொத்தனார்களாகவும் பள்ளம் தோண்டுபவர்களாகவும் போனார்கள்.

இந்தக் காலத்தைப் பற்றி எவரும் தவிர்க்க முடியாத ஆய்வு ரஃபேல் சாமுவேலுடையது. ரஸ்கின் கல்லூரியில் தொழிலாளர்களுக்கு வரலாறு கற்பித்த அவர், முதியவர்களின் வாய்மொழியைத் திரட்டி, 1860 முதல் 1920 வரையிலான குவாரி வாழ்வை 1975இல் வெளிவந்த நீண்ட கட்டுரையில் எழுதினார். பண்ணையார் இல்லாத ஊர். ஷாட்டோவர் அரசவனத்தின் ஓரத்துப் புறம்போக்கில் தாமாகவே குடியேறியவர்கள். 1849இல் தேவாலயம் எழுப்பப்படும் வரை தனிப் பங்குகூட இல்லை. ஒரே ஆள் செங்கல் அறுப்பார், பன்றி வளர்ப்பார், இரவில் முயல் திருடுவார். சாமுவேலின் மொழியில் இது சுதந்திரத்தின் சித்திரம். அவர் தந்த தரவுகளோடு எனக்குப் பிணக்கில்லை. அழுத்தம் விழுந்த இடத்தோடுதான் பிணக்கு. பண்ணையார் இல்லை என்பது உண்மை. எசமான் இல்லை என்பது அப்படியன்று. எசமான் மூன்று மைல் தள்ளி, ஆண்டில் பாதி நாள் ஊரிலில்லாத ஆளாக இருந்தான், அவ்வளவே.

இங்கே நாள்காட்டியைக் கவனிக்க வேண்டும். ஆக்ஸ்போர்டின் கல்லூரிகள் மூன்று பருவங்களாக இயங்கின, இன்றும் இயங்குகின்றன: இலையுதிர் காலம், குளிர்காலத்தின் பிற்பகுதி, இளவேனிலிலிருந்து கோடைத் தொடக்கம். இடையில் நீண்ட விடுமுறைகள். குவாரிப் பெண்கள் கல்லூரிகளுக்கும் வட ஆக்ஸ்போர்டு வீடுகளுக்கும் சலவை செய்தார்கள். வெளுத்து, கஞ்சி போட்டு, தேய்த்து அனுப்பும் அந்த வருமானம் மாணவர்கள் ஊரில் இருக்கும் வாரங்களில்தான் வரும். ஆண்களின் வேலைக்கு வேறு கணக்கு. செங்கல் அறுப்பதும் சூளை வைப்பதும் வெயில் மாதங்களில். கல்லூரிக் கட்டடங்களின் பழுதுபார்ப்பு மாணவர்கள் போன பின்னர், கோடை விடுமுறையில். இரண்டையும் ஒரு குடும்பத்தின் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்று மற்றொன்றுக்கு முட்டுக்கொடுப்பது தெரியும்: கோடையில் சலவை நின்றால் சூளை எரியும், இலையுதிர் காலத்தில் சூளை அணைந்தால் வெள்ளாவிப் பானை கொதிக்கும். சாமுவேல் கண்ட பல்தொழில் திறமைக்குப் பின்னால் இந்தக் கட்டாயம் இருக்கிறது. பன்றியும் முயலும் கணக்கின் ஓட்டைகளை அடைத்தன. ஊரை முரடர்கள் என்று ஏசிய நகரத்தார், அந்த ஓட்டைகளைத் தாங்கள்தான் போட்டோம் என்று எண்ணியதாகத் தெரியவில்லை.

இந்தக் கணக்கில் இரு வருமானமும் ஒருசேர வற்றும் நேரம் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறை: மாணவர்கள் இல்லை, எனவே துணி குறைவு, உறைபனி, எனவே கொத்துவேலை இல்லை.

அப்படியொரு விடுமுறையில், 1899 டிசம்பர் 26 அன்று, ஹெடிங்டனில் மாமியார் வீட்டில் தங்கியிருந்த இசையாசிரியர் செசில் ஷார்ப், சாளரத்துக்கு வெளியே வெள்ளுடையும் காலில் சலங்கைகளுமாக மோரிஸ் என்னும் நாட்டார் ஆட்டம் ஆடிவந்த ஒரு குழுவைக் கண்டார். கன்சர்டினா வாசித்தவர் வில்லியம் கிம்பர், 1872இல் பிறந்த குவாரிக் கொத்தனார். மறுநாள் அவரை வரவழைத்து ஷார்ப் ஐந்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். இங்கிலாந்தின் நாட்டார் நடன மீட்டெழுச்சி இந்தச் சந்திப்பில் பிறந்ததாக எல்லா நூல்களும் சொல்கின்றன. 1911இல் ஷார்ப் நாட்டார் நடனச் சங்கத்தை நிறுவினார். அதே நூல்கள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகும் செய்தி ஒன்று: மோரிஸ் ஆட்டத்துக்கு உரிய காலம் பெந்தெகொஸ்தே வாரம், அதாவது மே, ஜூன். குளிரில் வேலை நின்றதால் நாலு காசு பார்க்கவே பருவம் தப்பி வந்தோம் என்று ஆடியவர்கள் அன்றே சமாதானம் சொன்னார்கள்.

மரபு என்ற நோக்கில் படித்தால் இது ஒரு சில்லறைச் செய்தி. குவாரியின் நாள்காட்டியோடு படித்தால் இதுவே மையம். ஷார்ப் கண்டதைத் தொல்பழஞ்சடங்கின் எச்சம் என்று கருதினார். அவர் சாளரத்துக்கு வெளியே நின்றது கூலி நின்ற கட்டடத் தொழிலாளர் கூட்டம். தொடர்ச்சி அறாத மரபு என்ற வாதமும் நிற்காது. குவாரியின் ஆட்டம் 1880களில் விட்டுப்போயிருந்தது. ஆக்ஸ்போர்டின் பழம்பொருள் ஆர்வலர் பெர்சி மேனிங் ஊக்கமளித்து, 1899 மார்ச்சில் நகரத்து மேடையில் ஆடவைத்த பிறகே மீண்டும் உயிர்பெற்றது. ஷார்ப் வருவதற்கு ஒன்பது மாதம் முன்பே நகரம் அதைக் கேட்டிருந்தது. கல், செங்கல், சலவை என்ற பட்டியலில் நான்காவது சரக்காக ஆட்டம் சேர்ந்தது என்று சொல்வது கடுமையாகப் படலாம். ஆனால் கிம்பரே அதை இழிவாகக் கருதவில்லை. 1905இல், லண்டனில் தையல் தொழிலாளிப் பெண்களுக்கு மன்றம் நடத்திவந்த மேரி நீல் அழைத்தபோது, அவர் அங்கே போய் அப்பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஷார்ப்பின் சொற்பொழிவுகளில் ஆடிக் காட்டினார். செங்கல் அடுக்குவதையும் விடவில்லை. அவரைச் சடங்கின் காவலராக்கிய நூல்களைவிட அவருக்குத் தன் தொழில்கள் நன்றாகத் தெரிந்திருந்தன.

பிற்பகுதியை விரைவாகவே சொல்லலாம். 1929இல் ஹெடிங்டன் நகர எல்லைக்குள் வந்தது. அதற்குள் கௌலியில் மோரிஸ் கார் ஆலை ஆட்களை இழுக்கத் தொடங்கியிருந்தது. (ஆட்டத்தின் பெயருக்கும் ஆலையின் பெயருக்கும் உறவில்லை.) கார் விற்பனை மந்தமான மாதங்களில் ஆட்களை நிறுத்திவைக்கும் வழக்கம் அங்கும் இருந்தது. ஆயினும் அந்த மந்தம் கார்ச் சந்தையுடையது, கல்லூரியுடையது அல்ல. குவாரியைப் பல்கலைக்கழகத்தின் நாள்காட்டியிலிருந்து விடுவித்தது இந்த ஆலைதான். அதே காலத்தில் எதிர்த்திசையில் ஒரு நகர்வும் நடந்தது. 1930இல் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் அருகே பழைய செங்கல் சூளை இருந்த மனையில் ஒரு வீடு வாங்கினார். அதன் பெயரே ‘தி கில்ன்ஸ்’, சூளைகள். தோட்டத்துக் குளம் களிமண் எடுத்த பள்ளம். குவாரியின் தேவாலயத்துக்குத்தான் அவர் போய்வந்தார், 1963இல் அங்கேயே அடக்கமானார். இப்போது அவர் கல்லறையைத் தேடி வெளிநாட்டு வாசகர்கள் வருகிறார்கள்.

குவாரியின் ஆட்டக்குழு இன்றும் டிசம்பர் 26 அன்று ஊருக்குள் ஆடுகிறது. பெந்தெகொஸ்தேயை ஒட்டிய ஆட்டமும் உண்டு. ஆனால் கூட்டம் எதிர்பார்ப்பது கிறிஸ்துமஸுக்கு மறுநாளைத்தான்: கொத்துவேலை நின்றதால் பருவம் தப்பி நேர்ந்த தேதி, இப்போது உரிய தேதியாகிவிட்டது.