நெரெத்வா நதியின் பழைய பாலம்

மலர்க் குழுவிலிருந்து சீனியர் அண்ணன் போன் செய்து, "நீ பாலம் கட்டுற ஆளாச்சே, ஏதாவது எழுதிக் கொடேன்" என்றார். மெஸ் சாம்பாரையும் மொட்டை மாடிக் கச்சேரிகளையும் எழுத மற்ற நண்பர்கள் இருக்கிறார்கள். எனவே நான் ஒரு பாலத்தைப் பற்றியே எழுதிவிடுகிறேன். நம்மூர்ப் பாலம் அல்ல. பாஸ்னியா நாட்டில், மோஸ்தார் என்ற ஊரில், நெரெத்வா நதியின் மேல் நிற்கும் கல் பாலம்.

ஊரின் பெயரே பாலத்தால் வந்ததுதான். பாலத்துக்குக் காவல் இருந்தவர்களை 'மோஸ்தாரி' என்பார்களாம். முதலில் அங்கே இருந்தது சங்கிலியில் தொங்கிய மரப்பாலம். கால் வைத்தால் ஆடும். ஒட்டோமான் சுல்தான் சுலைமான் காலத்தில் கல்லால் கட்ட உத்தரவாகி, 1557-ல் தொடங்கி 1566-ல் முடித்தார்கள். கட்டியவர் ஹைருத்தீன், பெரும் கட்டடக் கலைஞர் சினானின் மாணவர். நடுவில் தூண் கிடையாது. கரைக்குக் கரை ஒரே வளைவு, ஏறக்குறைய 29 மீட்டர். கோடையில் தண்ணீருக்கு மேல் 20 மீட்டருக்கும் அதிக உயரம்.

பாலம் நிற்காவிட்டால் தலை போகும் என்று சுல்தான் எச்சரித்ததாகவும், சென்ட்ரிங் பிரிக்கிற நாளில் ஹைருத்தீன் தன் சாவுக்கே ஏற்பாடு செய்துகொண்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதைதான். ஆனால் சென்ட்ரிங் பிரிக்கும் நாளில் சைட்டில் நின்ற எவனுக்கும் அந்த மனுஷனின் வயிற்றுக் கலக்கம் புரியும்!

உள்ளூரில் வெட்டிய தெனெலியா என்ற சுண்ணாம்புக் கல்லில் கட்டினார்கள். கல்லுக்குக் கல் இரும்புப் பிடிகள் போட்டு, குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் பிடியை அசையாமல் நிறுத்தும். ஈரம் சேராமலும் காக்கும். இரும்பு துருப்பிடித்தால் வீங்கிக் கல்லைப் பிளந்துவிடும் என்று நமக்கு வகுப்பில் சொன்னார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்களோ!

427 வருஷம் நின்றது. வெள்ளம், பூகம்பம், இரண்டு உலகப் போர் எல்லாம் பார்த்தாயிற்று. கோடைக்கு கோடை ஊர்ப் பையன்கள் அதன் உச்சியிலிருந்து ஆற்றில் குதிப்பார்கள். 1968 முதல் அதற்கு முறையான போட்டியே உண்டு. குதிக்கிறவன் முஸ்லிமா, குரோவாத்தியனா, செர்பியனா என்று யாரும் கேட்டதில்லை.

யூகோஸ்லாவியா உடைந்தபோது கேட்க ஆரம்பித்தார்கள். 1992-ல் குரோவாத்தியரும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்று ஊரைக் காத்தார்கள். 1993 மே மாதம் அந்த இரு தரப்புமே ஒன்றையொன்று சுட ஆரம்பித்தன. கிழக்குக் கரையில் முற்றுகையில் மாட்டிக்கொண்ட ஜனங்கள் பழைய டயர்களையும் பலகைகளையும் தகரத்தையும் கட்டி, தங்கள் பாலத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள். டாங்கிக் குண்டுக்கு டயர் என்ன செய்யும்? நவம்பர் 8-ல் குரோவாத்தியப் படையின் டாங்கி அடிக்கத் தொடங்கியது. மறுநாள் 9-ம் தேதி காலை பாலம் ஆற்றில் விழுந்தது.

இப்படி நடக்கக் கூடாதென்றுதான் 1954-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். போர்க்காலத்தில் கோயில், நூலகம், பழைய கட்டடம் எதுவானாலும் தொடக் கூடாது. அடையாளமாக நீலமும் வெள்ளையுமான ஒரு கேடயச் சின்னம் வைக்கலாம். துப்ரோவ்னிக் பழைய நகரில் அந்தச் சின்னமும் இருந்தது, யுனெஸ்கோ கொடியும் பறந்தது. 1991 டிசம்பர் 6-ல் அதன்மேலும் குண்டு விழுந்தது. அதற்காகப் பின்னாளில் தளபதிகள் இருவர் தண்டனை பெற்றார்கள்.

மோஸ்தார் விஷயம் அப்படி முடியவில்லை. அந்த உடன்படிக்கையிலேயே 'தவிர்க்க முடியாத ராணுவத் தேவை' என்று ஒரு விதிவிலக்கு உண்டு. எதிர்ப்படை பாலத்தின் வழியாக ஆளும் பொருளும் கொண்டுபோனது. ஆகவே அது ராணுவ இலக்குதான் என்றது ஹேக் நீதிமன்றம். இருந்தும் பொதுமக்களுக்கு நேர்ந்த பாதிப்பு அளவுக்கு மீறியது என்று 2013-ல் குற்றம் என்றார்கள். 2017 நவம்பர் 29-ல் மேல்முறையீட்டில், இலக்கு என்று ஆனபின் அதை இடித்தது குற்றமாகாது என்று அந்தப் பகுதியை ரத்து செய்தார்கள். ஏனைய குற்றங்களுக்கான தண்டனை நின்றது. அதைக் கேட்ட தளபதி ஸ்லோபோதான் பிரால்யாக், கோர்ட்டிலேயே விஷம் குடித்து இறந்துபோனார். அவர் ஜாக்ரெப்பில் மின்பொறியியல் படித்தவர். நம்ம ஜாதி, இன்ஜினியர்! இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நின்றது. தீர்ப்பில் சட்டம் சரியாகவே இருக்கலாம். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை.

சண்டை 1994-ல் ஓய்ந்தது. ஹங்கேரி ராணுவ நீச்சல்வீரர்கள் ஆற்றில் மூழ்கிக் கற்களைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஆனால் பெரும்பாலான கற்கள் மறுபடி பாரம் தாங்கும் நிலையில் இல்லை. பழைய அளவுகளையும் படங்களையும் வைத்து, அதே தெனெலியா கல்லை வெட்டி, அதே மாதிரி பிடி போட்டு, ஈயம் ஊற்றிக் கட்டினார்கள். உலக வங்கியும் யுனெஸ்கோவும் துருக்கி, இத்தாலி, நெதர்லாந்து, குரோவாத்தியா நாடுகளும் கை கொடுத்தன. ஆமாம், குரோவாத்தியாவும்தான். கட்டியது ஒரு துருக்கிக் கம்பெனி. 2004 ஜூலை 23-ல் திறந்தார்கள். அடுத்த வருஷமே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

'புதுசாகக் கட்டியது எப்படிப் பாரம்பரியம் ஆகும்?' என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கல் பழசு என்பதற்காக அல்ல, சமரசத்தின் சின்னம் என்றுதான் யுனெஸ்கோ சேர்த்தது. ஆனால் அந்தச் சமரசம் ஊருக்குள் மெதுவாகத்தான் வந்தது. கட்சிகள் ஒத்துப்போகாததால் 2008-க்குப் பிறகு 2020 டிசம்பர் வரை மோஸ்தாரில் நகரசபைத் தேர்தலே நடக்கவில்லை! ஊரின் பழைய ஜிம்னேசியம் பள்ளியில் ஒரே கூரையின் கீழ் இரண்டு பாடத்திட்டம் நடத்தினார்கள். பாலத்தை மூன்று வருஷத்தில் கட்டிவிட்டார்கள். இதற்கு எந்தக் கம்பெனி டெண்டர் போடும்?

பையன்கள் இன்றும் குதிக்கிறார்கள். சுற்றுலாக்காரர்களிடம் முதலில் காசு வசூல் செய்துகொண்டுதான் குதிப்பார்கள். பாலத்தருகே ஒரு சாதாரணக் கல் கிடக்கிறது. அதில் யாரோ ஆங்கிலத்தில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்கள்: '93-ஐ மறக்காதே'.