அறிவியல் புனைகதை இதழ்களுக்குச் சிறுகதை அனுப்புவது எப்படி?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் படித்துவிட்டு, தாமும் ஒரு ரோபோ கதை எழுதிப் பார்த்தவர்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உண்டு. பலருடைய கதை நோட்டுப் புத்தகத்திலோ கைப்பேசியிலோ அப்படியே கிடக்கிறது. எழுதுவதற்கு இருந்த துணிவு அனுப்புவதற்கு இல்லாமல் போவதே காரணம். எங்கே அனுப்புவது, எப்படி அனுப்புவது, பணம் கேட்பார்களா, கதையைத் திருடிக்கொள்வார்களா என்ற கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

எங்கே அனுப்பலாம்?

உலகில் அறிவியல் புனைகதைக்கென்றே வரும் ஆங்கில இதழ்களில் பழைமையானவை அமெரிக்காவில் தோன்றியவை. 'அமேசிங் ஸ்டோரிஸ்' 1926இல் வந்தது. இன்று 'அனலாக்' என்ற பெயரில் வரும் இதழ் 1930இல் தொடங்கியது. 'அசிமோவ்ஸ்' 1977இல் வந்தது. இணையம் வந்த பிறகு 'ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்' (2000), 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' (2006), 'லைட்ஸ்பீட்' (2010), 'அன்கேனி' (2014) ஆகியவை வந்தன. இந்த இணைய இதழ்களின் கதைகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம். அனுப்புவதற்கு முன் ஓர் இதழின் நான்கைந்து கதைகளைப் படித்துப் பார்த்தால், அந்த ஆசிரியருக்கு எது பிடிக்கும் என்பது புரியும்.

இவை அமெரிக்கர்களுக்கு மட்டுமான இடமல்ல. சிங்கப்பூர் எழுத்தாளர் வினா ஜி-மின் பிரசாத்தின் இரண்டு கதைகள் 2017இல் வெளிவந்தன. கள்ள மாட்டிறைச்சியை அச்சடித்து விற்கும் பெண்ணைப் பற்றியது ஒன்று. அது கிளார்க்ஸ்வேர்ல்டில் வந்தது. கார்ட்டூன் தொடருக்கு ரசிகனாகிவிடும் பழைய ரோபோவைப் பற்றியது மற்றொன்று; அது அன்கேனியில் வந்தது. இரண்டுமே ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பெரிய விருதுகளின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றன. மலேசிய எழுத்தாளர் சென் சோ 2019இல் ஹியூகோ விருதையே வென்றார்.

அனுப்பும் முன் இதழ் இப்போதும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தென்கிழக்காசியக் கதைகளுக்கென்றே 2013இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'லொந்தார்' 2018இல் பத்தாவது இதழோடு நின்றுவிட்டது. எந்த இதழ் இப்போது கதை வாங்குகிறது, எவ்வளவு நாளில் பதில் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள 'சப்மிஷன் கிரைண்டர்' என்ற இலவச இணையப் பட்டியல் உதவும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு வாசல் குறைவு. ஆனால் அடைத்துக் கிடக்கவில்லை. 2018இல் தொடங்கிய 'அரூ' மின்னிதழ் அறிவியல் புனைகதைக்கென்றே சிறுகதைப் போட்டி நடத்தியிருக்கிறது. நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளுக்கும் இலக்கிய அமைப்புகளின் போட்டிகளுக்கும் அறிவியல் கதை அனுப்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

விதிமுறைப் பக்கமே முதல் பாடம்

ஒவ்வோர் இதழும் தனக்கு எப்படிப்பட்ட கதை வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கும். அதை இரண்டு முறை படிக்க வேண்டும். கிளார்க்ஸ்வேர்ல்ட் 1,000 சொல்லுக்குக் குறைந்த கதையையும் 22,000 சொல்லுக்கு மேற்பட்ட கதையையும் ஏற்பதில்லை. ஜோம்பி கதைகளும் பேசும் பூனைக் கதைகளும் தன்னிடம் எளிதில் தேறாது என்றும் அது சொல்லி வைத்திருக்கிறது. இதைப் படிக்காமல் அனுப்புபவர் தம் நேரத்தையே வீணாக்குகிறார்.

கவனிக்க வேண்டிய மற்ற விதிகள்:

- ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பது பல இதழ்களின் நிபந்தனை. ஓர் இதழிடமிருந்து பதில் வந்த பிறகே அடுத்ததற்கு அனுப்ப வேண்டும்.
- ஒரே இதழுக்கு ஒரு நேரத்தில் ஒரு கதைதான். கிளார்க்ஸ்வேர்ல்டில் ஒரு கதை திரும்பி வந்தால் ஏழு நாள் கழித்தே அடுத்ததை அனுப்பலாம்.
- முன்பே வெளிவந்த கதை கூடாது. முகநூலிலோ சொந்த வலைப்பக்கத்திலோ எல்லாரும் பார்க்கும்படி போட்டாலும் அது வெளிவந்ததாகவே கணக்கு. நண்பர்கள் பாராட்ட வேண்டுமென்று அவசரப்பட்டுப் பதிவேற்றினால், பணம் கொடுக்கும் இதழின் கதவு மூடிக்கொள்ளும்.
- தமிழில் அச்சான கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பினால், அந்த விவரத்தை மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

கதைப் படி எப்படி இருக்க வேண்டும்?

அலங்காரம் வேண்டாம். எளிதில் படிக்கக்கூடிய எழுத்துரு, 12 புள்ளி அளவு, வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம். முதல் பக்கத்தின் இடது மேல்மூலையில் பெயரும் மின்னஞ்சலும், வலது மேல்மூலையில் சொற்களின் எண்ணிக்கையும், நடுவில் தலைப்பும் வர வேண்டும். பக்க எண் அவசியம். படங்கள், வண்ண எழுத்துகள் எதுவும் தேவையில்லை. சில இதழ்கள் எழுத்தாளர் பெயரை நீக்கிவிட்டு அனுப்பச் சொல்லும்; அப்போது அதன்படியே செய்ய வேண்டும்.

உடன் அனுப்பும் கடிதம் மூன்று நான்கு வரிகளுக்கு மேல் போகக் கூடாது. கதையின் தலைப்பு, சொற்களின் எண்ணிக்கை, முன்பு எங்காவது கதை வந்திருந்தால் அந்த விவரம், ஒரு நன்றி. இவை போதும். கதைச் சுருக்கம் எழுத வேண்டியதில்லை. இதுவரை எதுவும் வெளிவரவில்லை என்றால் அதற்காக மன்னிப்புக் கேட்கவும் தேவையில்லை.

இயந்திரம் எழுதிய கதைகள்

2023 பிப்ரவரி 20ஆம் தேதி கிளார்க்ஸ்வேர்ல்ட் கதை வாங்குவதை நிறுத்தியது. செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொண்டு எழுதிய கதைகள் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 500க்கும் மேல் வந்து குவிந்ததே காரணம். விரைவில் பணம் சம்பாதிக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அனுப்பியவர்களே அதிகம். ஆசிரியர் நீல் கிளார்க் அடுத்த மாதமே வாசலைத் திறந்தார். ஆனால் இந்த வெள்ளத்தைத் தடுக்கப் போடும் வேலிகள் புதியவர்களையும் வெளிநாட்டு எழுத்தாளர்களையும்தான் முதலில் பாதிக்கும் என்ற கவலையை அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

இது மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. தமிழில் எழுதிவிட்டு மென்பொருளில் போட்டு ஆங்கிலமாக்கி அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இயந்திரம் எழுதியதை மட்டுமல்ல, இயந்திரம் மொழிபெயர்த்ததையும் கிளார்க்ஸ்வேர்ல்ட் ஏற்பதில்லை. மீறி அனுப்புபவர் இனி எதையும் அனுப்ப முடியாதபடி தடை செய்யப்படலாம். ஆங்கிலம் தடுமாறினால், நன்கு ஆங்கிலம் தெரிந்த உறவினரோ ஆசிரியரோ உதவி மொழிபெயர்ப்பதே பாதுகாப்பான வழி. அப்போது மொழிபெயர்த்தவர் பெயரையும் சேர்க்க வேண்டும்.

பணமும் உரிமையும்

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் தொழில்முறை ஊதியம் என்று 2019இல் வகுத்த அளவு, ஒரு சொல்லுக்கு அமெரிக்க நாணயத்தில் 8 காசு. அந்தக் கணக்கில் 4,000 சொல் கதைக்கு 320 அமெரிக்க வெள்ளி கிடைக்கும். சில இதழ்கள் இதற்கு மேலும் தருகின்றன. பெரும்பாலும் பேபால் வழியாகப் பணம் வரும்.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: பணம் எழுத்தாளரை நோக்கி வர வேண்டும், எழுத்தாளரிடமிருந்து போகக் கூடாது. கதையைப் படிக்கக் கட்டணம், தொகுப்பில் சேர்க்கக் கட்டணம், இத்தனை பிரதி வாங்கினால்தான் அச்சிடுவோம் என்ற நிபந்தனை, இவற்றில் எது வந்தாலும் விலகிக்கொள்வது நல்லது.

கதை தேர்வானால் ஒப்பந்தம் வரும். நல்ல இதழ்கள் முதலில் வெளியிடும் உரிமையை மட்டுமே கேட்கும். குறிப்பிட்ட காலம் வேறெங்கும் வெளியிடக் கூடாது என்று சொல்லும். பதிப்புரிமை எழுத்தாளரிடமே இருக்கும். பின்னாளில் அந்தக் கதையை அவர் தம் தொகுப்பில் சேர்க்கலாம். 'எல்லா உரிமையும் எங்களுக்கே' என்றிருந்தால் கையெழுத்திடும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். திரைப்படம், மொழிபெயர்ப்பு, ஒலிநூல் எல்லாம் அந்த ஒரு வரியில் கைநழுவிப் போகலாம்.

திரும்பி வந்தால்?

பெரும்பாலும் திரும்பித்தான் வரும். கிளார்க்ஸ்வேர்ல்டுக்கு மாதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைகள் வருகின்றன. அவற்றில் வெளியாவது பத்துக்கும் குறைவு. நிராகரிப்பு என்பது அந்தக் கதை, அந்த மாதம், அந்த இதழுக்குப் பொருந்தவில்லை என்பதே. அதற்கு மறுப்புக் கடிதம் எழுதுவதும் ஆசிரியரைச் சமூக ஊடகத்தில் திட்டுவதும் எந்தப் பயனும் தராது.

ஐசக் அசிமோவுக்கும் இதுவே நடந்தது. நியூயார்க் புரூக்ளினில் அவருடைய தந்தை மிட்டாய்க் கடை வைத்திருந்தார். 1938 ஜூன் மாதம், 18 வயதில், தம் முதல் கதையை எடுத்துக்கொண்டு 'அஸ்டவுண்டிங்' இதழின் ஆசிரியர் ஜான் கேம்பலை நேரில் பார்க்கப் போனார். கேம்பல் நெடுநேரம் பேசினார். சில நாளில் கதையைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது கதையும் திரும்பியது. மூன்றாவது கதையை அமேசிங் ஸ்டோரிஸ் வாங்கிக்கொண்டது. கிடைத்தது 64 டாலர். 1939 மார்ச் இதழில் அது வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில் கேம்பலின் இதழிலும் அவர் கதை இடம்பெற்றது.

மளிகைக் கடையில் கடன் எழுதும் '555' நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். கதையின் பெயர், அனுப்பிய இதழ், அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி என்று நான்கு பத்தி போட்டுக்கொள்ளலாம். இதழ் குறிப்பிட்ட காலம் தாண்டியும் பதில் இல்லையென்றால் பணிவாக ஒரு வரி எழுதிக் கேட்கலாம். கதை திரும்பிய அன்றே பட்டியலில் அடுத்த இதழுக்கு அனுப்பிவிட்டு, புதுக் கதையைத் தொடங்க வேண்டும்.

எதைப் பற்றி எழுதுவது என்ற கேள்விக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. விண்வெளிக் கப்பலும் நியூயார்க் நகரமும் அந்த ஆசிரியர்களுக்குப் பழகிப் புளித்தவை. பால்மரம் சீவ இயந்திரம் வந்த பிறகு லயத்து வீட்டுப் பாட்டிக்கு விடிகாலை எப்படி விடிகிறது என்ற கதையை அவர்கள் இன்னும் படித்திருக்க மாட்டார்கள்.