தப்பான ஃபைலில் தேடிய பக்

"எல்லா டெஸ்ட்டும் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க." உடம்பு முழுக்க வலிக்கிற ஒருத்தர்கிட்ட இப்படிச் சொன்னா எப்படி இருக்கும்? ஃபைப்ரோமயால்ஜியா வந்த நிறைய பேர் கேட்ட வசனம் இது.

1904-ல் லண்டன் டாக்டர் வில்லியம் கோவர்ஸ் இடுப்புவலி பத்திப் பேசும்போது 'ஃபைப்ரோசைட்டிஸ்'னு ஒரு பேர் வச்சார். நார்த்திசுல அழற்சின்னு அர்த்தம். பேர் ஒட்டிக்கிச்சு. ஆனா அழற்சியைத் தேடினவங்களுக்கு உருப்படியா எதுவும் சிக்கலை. 1940-கள்ல இந்த மாதிரி வலியை 'மனசால வர்ற வாதம்'னே சில டாக்டர்கள் எழுதினாங்க.

1976-ல்தான் 'ஃபைப்ரோமயால்ஜியா'ங்கிற பேர் வந்துது. இதுல அழற்சி இல்லை, வலி மட்டும்தான். 1990-ல் அமெரிக்க வாதநோய் டாக்டர்கள் ஒரு கணக்கு வச்சாங்க: 18 இடங்கள்ல சுமார் 4 கிலோ அழுத்தம் கொடுத்தா 11 இடத்துலயாவது வலிக்கணும். 2010-ல் அதையும் கட்டாயமில்லைன்னு விட்டுட்டு வலி, அசதி, தூக்கம்னு நோயாளிகிட்டயே கேட்க ஆரம்பிச்சாங்க.

நடுவுல 2002-ல் ஒரு மூளை ஸ்கேன் ஆராய்ச்சி. கட்டைவிரல் நகத்துல லேசா அழுத்தினதுக்கே இவங்க மூளையில வலிக்கான பகுதிகள் அதிகமா வேலை செஞ்சுது. சிக்னலை மூளை பெருசாக்குது!

நம்ம பாஷைல சொன்னா, தப்பான ஃபைல்ல பக் தேடிட்டு, யூசர் பொய் சொல்றார்னு டிக்கெட்டை மூடின கதை.

இன்னிக்கும் முழுசா குணமாக்க மருந்து இல்லை. கொஞ்சம் கொஞ்சமா கூட்டுற உடற்பயிற்சி, ஒழுங்கான தூக்கம், சிலருக்கு மாத்திரை... இதெல்லாம் உதவும். நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. வலிக்குதுன்னா நம்புங்க.