ஏரி ட்ராவுட்: பெரிய மீனை ஏன் திரும்ப விடுகிறார்கள்?

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் உள்ள கிரேட் பேர் ஏரி, பெரிய ஏரி ட்ராவுட் மீன்களுக்குப் பெயர் பெற்றது. தூண்டிலில் பிடிபட்ட இவ்வகை மீன்களில் உலகச் சாதனை படைத்த மீன் 1995ஆம் ஆண்டு இங்குதான் சிக்கியது. அதன் எடை 32.65 கிலோ.

குளிர்ந்த நீரில் இம்மீன் மிக மெதுவாக வளர்கிறது. வடபகுதி ஏரிகளில் முதன்முறை முட்டையிடவே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். பெரிய பெண் மீனே அதிக முட்டையிடும். அதை இழந்தால் ஈடுசெய்யப் பல்லாண்டுகள் ஆகும்.

எனவே, சமையலுக்குச் சிறிய மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டு பெரியவற்றை விட்டுவிடுவது நல்ல வழக்கம். உண்பவருக்கும் இது நன்மையே. மற்ற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் பெரிய மீனின் உடலில் பாதரசம் அதிகம் சேர்கிறது. விடும் மீனை ஈரக் கையால் பிடித்து, கூடியவரை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்ற வேண்டும்.

ஆனால், எல்லா ஏரிகளுக்கும் இது பொருந்தாது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியில் 1994இல் கண்டறியப்பட்ட ஏரி ட்ராவுட், அங்கு இயற்கையாக வாழ்ந்த கட்த்ரோட் ட்ராவுட்டைத் தின்று வெகுவாகக் குறைத்தது. அதை நம்பியிருந்த கரடிகளுக்கும் விராலடிப்பான் பறவைகளுக்கும் இரை குறைந்தது. அங்கு பிடிபடும் ஏரி ட்ராவுட் சிறிதானாலும் பெரிதானாலும் கொல்லப்பட வேண்டும் என்பதே விதி.