கேனன் பவர்ஷாட் ஜி10, ஜி11: மெகாபிக்சல் பின்வாங்கல்

கேனன் பவர்ஷாட் ஜி வரிசை, ஜப்பானின் கேனன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய உயர்தரக் கையடக்க எண்ணிமக் கேமராக்களின் தொடர். இதில் 2008இல் வந்த ஜி10 14.7 மெகாபிக்சல் கொண்டது. அடுத்த ஆண்டு அதன் இடத்துக்கு வந்த ஜி11 10 மெகாபிக்சல் மட்டுமே கொண்டிருந்தது. ஒவ்வொரு புதிய மாதிரியும் முந்தையதை விடப் பெரிய எண்ணுடன் விற்கப்பட்ட காலத்தில், ஒரு பெரிய நிறுவனம் தன் முதன்மையான கையடக்கக் கேமராவில் எண்ணைக் குறைத்தது அரிய நிகழ்வு.

வரிசையின் முதல் கேமராவான ஜி1 3.3 மெகாபிக்சல் கொண்டது. திருப்பக்கூடிய திரை, ராவ் கோப்பு, எஃப்/2.0 லென்ஸ் ஆகியவை அதில் இருந்தன. பெரிய எஸ்.எல்.ஆர். கேமராவைத் தூக்க விரும்பாத, ஆனால் எல்லா அமைப்புகளையும் தானே தீர்மானிக்க விரும்பும் ஒளிப்படக்காரருக்கான கருவி அது. 2004இல் வந்த ஜி6 வரை இந்தக் குணம் மாறவில்லை. 2006இல் ஜி7 வந்தபோது மெகாபிக்சல் 10 ஆனது. ராவ், திருப்பு திரை, ஒளி மிகுந்த லென்ஸ் மூன்றும் போயின. வாங்குவோர் இதை மன்னிக்கவில்லை. ஆர்வலர்கள் உருவாக்கிய சி.எச்.டி.கே. என்ற மென்பொருள், கேனன் எடுத்துவிட்ட ராவ் வசதியை ஜி7க்குத் திரும்பத் தந்தது. 2007இல் ஜி9இல் கேனனே ராவைத் திரும்பச் சேர்த்தது. அப்போது எண்ணிக்கை 12.1.

இத்தனை பிக்சல்களையும் தாங்கிய உணரியின் அளவு ஏறத்தாழ 7.6 × 5.7 மி.மீ. அதாவது சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. 35 மி.மீ. படச்சுருளின் ஒரு சட்டகத்தில் இருபதில் ஒரு பங்கு. ஜி10இல் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 1.7 மைக்ரோமீட்டராகச் சுருங்கியது. பிக்சல் சிறுத்தால் அதில் விழும் ஒளியும் குறையும். மங்கிய ஒளியில் நிழற்பகுதிகளில் புள்ளிப்புள்ளியாக நிறக்கறைகள் தோன்றும். இதையே இரைச்சல் என்கிறார்கள். அதை மென்பொருள் துடைக்கும்போது தலைமுடி, துணியின் நெய்வு போன்ற நுண்விவரங்களும் சேர்ந்து அழிகின்றன.

ஃபில் ஆஸ்கி 1998இல் தொடங்கிய டிபிரிவ்யூ போன்ற மதிப்பீட்டுத் தளங்களால் இக்குறை எல்லோர் கண்ணிலும் பட்டது. ஒரே காட்சியை வெவ்வேறு கேமராக்களில் எடுத்து, துண்டுகளை முழு உருப்பெருக்கத்தில் அருகருகே காட்டுவது அவற்றின் முறை. பயனுள்ள முறைதான், ஆனால் அதில் ஒரு கோணல் உண்டு. ஜி10இன் படம் 4416 பிக்சல் அகலம். அக்காலக் கணினித் திரையில் அதை முழு உருப்பெருக்கத்தில் பார்ப்பது, சுமார் 46 அங்குல அகல அச்சை மூக்கருகே வைத்துப் பார்ப்பதற்குச் சமம். பிக்சல் கூடக் கூட, கேமரா மேலும் கடுமையான தேர்வை எழுத வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறான சோதனையைக் கனடாவின் ஒளிப்படக்காரர் மைக்கேல் ரைக்மன் 2008இல் செய்தார். ஜி10 படங்களையும், 39 மெகாபிக்சல் பேஸ் ஒன் பின்பகுதி பொருத்திய ஹாசல்பிளாட் கேமராவின் படங்களையும் 13 × 19 அங்குல அளவில் அச்சிட்டு அனுபவமுள்ளவர்களிடம் காட்டினார். எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. இவ்விரு கேமராக்களின் விலைக்கும் எவ்வித ஒப்பீடும் இல்லை என்பதால் கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஆனால் அவை நல்ல ஒளியில், முக்காலியில் வைத்து, மிகக் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் எடுத்த படங்கள். ஐ.எஸ்.ஓ. 800இல், இரவு விருந்தொன்றில் அதே சோதனையைச் செய்தால் முடிவு வேறாகியிருக்கும். ஆக ஜி10 மோசமான கேமரா அல்ல. பகலில் சிறந்தது, இரவில் தடுமாறியது. மதிப்பெண் ஒன்றில் இந்த இரண்டும் அடங்காது.

2009 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜி11, அதே அளவு உணரியில் பிக்சல்களைக் குறைத்தது. உச்ச ஐ.எஸ்.ஓ. 1600இலிருந்து 3200 ஆனது. திருப்பு திரையும் திரும்பி வந்தது. முழு உருப்பெருக்கத்தில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஒரே அளவில் அச்சிட்டால் அது அவ்வளவு பெரிதாகத் தெரியாது. ஏனெனில் உணரியின் பரப்பும், அதில் விழும் மொத்த ஒளியும் மாறவில்லை. 2010இல் வந்த ஜி12உம் 10 மெகாபிக்சலிலேயே நின்றது.

பரப்பு மாறியது 2012இல். அவ்வாண்டு கேனன் வெளியிட்ட ஜி1 எக்ஸ் 14.3 மெகாபிக்சல், அதாவது ஏறக்குறைய ஜி10இன் எண்ணிக்கையே. ஆனால் உணரியின் பரப்பு ஆறு மடங்கு. எனினும் அது அரைக் கிலோவைத் தாண்டிய எடை கொண்டது, லென்ஸும் எஃப்/2.8இல் தொடங்கியது. அதே ஆண்டில் சோனி வெளியிட்ட ஆர்எக்ஸ்100, 13.2 × 8.8 மி.மீ. உணரியையும் எஃப்/1.8 லென்ஸையும் 240 கிராமில் அடக்கிச் சட்டைப்பைக்குள் போனது. அதே அளவு உணரியுடன் கேனனின் ஜி7 எக்ஸ் 2014இல் வந்தது.