மைக்செட்டிலிருந்து வந்த 3055

முதன்முதலில் அவற்றைப் பார்த்தபோது ஒரு பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபயரின் முதுகில், கறுப்பு ஹீட்சிங்கின் மேல், நான்கும் வரிசையாகத் தூசி படிந்து உட்கார்ந்திருந்தன. சவுண்ட் சர்வீஸ் கடையின் பின்கட்டு அது. குழாய் ஸ்பீக்கர்கள், சுருட்டி வைத்த சீரியல் செட்டுகள், ஓடாத ஒரு கேசட் டெக். அவற்றுக்கு நடுவே அந்தப் பெட்டி கிடந்தது.

“இத எதுக்குத் தம்பி கழட்டுறீங்க? புதுசே கடையில கெடைக்குதே.”

“பழசுதாண்ணே வேணும்.”

“அப்ப எடுத்துக்கங்க. அது பார்க்காத திருவிழா இல்ல.”

ஸ்குரூவைத் திருகிக் கழற்றியபோது அடியிலிருந்த வெள்ளைப் பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. தொப்பியின் மேல் அச்சிட்டிருந்த எழுத்துகளில் 3055 என்ற எண் மட்டும் மிஞ்சியிருந்தது. முழுப்பெயர் டூ-என்-3055. கடைத்தெருவில் அவ்வளவு நீட்டத் தேவையில்லை, 3055 என்றாலே எடுத்து வைப்பார்கள்.

இரு முனையும் குறுகிய உலோகத் தட்டு, நடுவில் வட்டத் தொப்பி, கீழே இரண்டு ஊசிக் கால்கள். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால் இருக்க வேண்டுமே என்று புதிதாகப் பார்ப்பவர்கள் தேடுவார்கள். மூன்றாவது கால் அதன் உடம்பேதான். கலெக்டர் அந்த உலோகத்தோடு ஒட்டியே இருக்கிறது. உள்ளே பிறக்கும் சூடு நேராக உடம்புக்கு வந்து, உடம்பிலிருந்து ஹீட்சிங்குக்குப் போகட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பவர் டிரான்சிஸ்டரின் வாழ்க்கை முழுக்கச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கவலைதான்.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் உருவான முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது, நூறு டிகிரியை நெருங்கும் முன்பே தள்ளாடிவிடும். சிலிக்கான் தாங்கும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்த 3055 சிலிக்கான் பிள்ளை. உள்ளே 200 டிகிரி வரை பொறுக்கும். 15 ஆம்பியர், 60 வோல்ட், 115 வாட் என்று தரவுத்தாள் சொல்லும். அந்த 115 வாட்டை அப்படியே நம்பக்கூடாது. உடம்பு 25 டிகிரியிலேயே இருந்தால்தான் அந்தக் கணக்கு. மே மாதத்துச் சென்னையில் காற்றே 40 டிகிரி.

அதைச் செய்த முறைக்கு ‘ஹோமெடாக்சியல்’ என்று பெயர். ஒரே சீரான சிலிக்கான் தகட்டை எடுத்து, அதன் இரு பக்கமும் ஒரே நேரத்தில் மாசு ஊட்டுவார்கள். ஒரு பக்கம் எமிட்டர், மறுபக்கம் கலெக்டர், நடுவில் மிஞ்சும் பழைய தகடே பேஸ். அந்த பேஸ் தடிமனாக இருக்கும். அதனால் வேகம் குறைவு. ஆனால் ஒரே இடத்தில் மின்னோட்டம் குவிந்து பொசுங்கிப் போகும் நோய் அதை எளிதில் அண்டாது. ரேடியோ அலைக்கு அந்த வேகம் போதாது. நான் செய்யப்போனதோ கிடார் ஆம்ப்ளிஃபயர். கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, கிடார் ஸ்பீக்கரோ 5000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் பெரும்பாலும் வாய்மூடிக்கொள்கிறது. இந்த வேலைக்கு நிதானமும் முரட்டு உடம்பும் உள்ளவன்தான் பொருத்தம்.

அதற்கு ஒரு குறையும் இருந்தது. 3055 என்.பி.என். வகை. ஆம்ப்ளிஃபயரின் கடைசிப் படியில் ஒருவன் தள்ள வேண்டும், இன்னொருவன் இழுக்க வேண்டும். இழுப்பவன் எதிர்வகையான பி.என்.பி.யாக இருந்தால் கச்சிதம். ஆனால் அந்தக் காலத்தில் நல்ல பி.என்.பி. சிலிக்கான் பவர் டிரான்சிஸ்டர் கிடைக்கவில்லை. ஹுங் சாங் லின் என்ற பொறியாளர் 1956-லேயே இதற்கு வழி காட்டியிருந்தார்: இரண்டும் ஒரே வகையாகவே இருக்கட்டும், கீழே இருப்பவனுக்கு முன்னால் எதிர்வகையான சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து அவனை எதிராளி போல நடிக்க வைக்கலாம். குவாசி-காம்ப்ளிமென்டரி என்ற அந்தச் சுற்று இல்லாவிட்டால் 3055 இவ்வளவு தூரம் பயணப்பட்டிருக்காது. எம்.ஜே.2955 என்ற அசல் ஜோடி பின்னால்தான் வந்தது.

பெயரும் அதன் பயணத்துக்கு உதவியது. ‘டூ-என்’ என்று தொடங்குபவை பொதுப் பதிவேட்டில் ஏறிய எண்கள்; தரம் பொருந்தினால் எந்த நிறுவனமும் அந்தப் பெயரில் செய்து விற்கலாம். ஆகவே 3055 ஒரு வீட்டுப் பிள்ளையாக இல்லாமல் ஊர்ப் பிள்ளையாக வளர்ந்தது. ஆர்.சி.ஏ.வை 1986-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் வாங்கிக்கொண்ட பிறகும் 3055 மட்டும் நிற்கவில்லை.

கிடார் உலகத்தில் டிரான்சிஸ்டருக்குக் கிடைத்த வரவேற்பைச் சொன்னால் எனக்கு மனம் வலிக்கும். 1965-இல் சி.பி.எஸ். கைக்குப் போன ஃபெண்டர், அடுத்த ஆண்டே டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களை இறக்கியது. சில ஆண்டுகளில் கைவிட்டது. மேடையில் அவை படுத்துக்கொண்டன, ஒலியும் வறண்டிருந்தது. வால்வு ஆம்ப்ளிஃபயருக்குப் பழகிய கலைஞர்கள் டிரான்சிஸ்டருக்கு உயிரே இல்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள். அந்த முடிவு இன்றைக்கும் பலர் வாயில் இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பாவம் வடிவமைப்பில் இருந்தது. வீட்டில் இசைத்தட்டு கேட்பதற்கான ஆம்ப்ளிஃபயரின் சுற்றை அப்படியே பெரிதாக்கிக் கிடாருக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஹை-ஃபை ஆம்ப்ளிஃபயரின் வேலை, ஸ்பீக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு, சொன்னதற்கு மேல் அசையாமல் வைத்திருப்பது. கிடார் ஸ்பீக்கரோ அசைந்து திமிறினால்தான் பேசும். அது வாத்தியத்தின் பாதி. மரத்தில் செய்த மேல்பாதி கையில் இருக்கிறது, காகிதக் கூம்பாலான கீழ்ப்பாதி பெட்டிக்குள் இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டவர்கள் டிரான்சிஸ்டரை வைத்தே பெயர் வாங்கினார்கள். ஜான் ஃபோகர்ட்டி மெத்தை தைத்தாற்போன்ற கஸ்டம் பெட்டிகளோடு மேடை ஏறினார். பி.பி. கிங் விரும்பி வாசித்த லேப் சீரீஸ் எல்5 டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 இன்னும் விற்பனையில் இருக்கிறது. இவற்றுக்குள் எல்லாம் 3055 இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. குறை அந்த இனத்தில் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரில் 3055 வேறு வேலைகளுக்குப் போனது. பேட்டரியில் டியூப்லைட் எரிக்கும் இன்வெர்ட்டர், ரேடியோ மெக்கானிக் கடையின் பவர் சப்ளை, எல்லாவற்றுக்கும் மேலாக மைக்செட். சென்னை ரிச்சி தெருவில் உதிரி வாங்கி, தகரப் பெட்டியில் பூட்டி, ஊர் ஊராக ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்த கைகளுக்கு 3055 அரிசி பருப்பு மாதிரி. விடிய விடியப் பாட்டு, மழை, ஏறி இறங்கும் வோல்டேஜ், வழியில் யாரோ மிதித்து ஷார்ட் ஆன வயர். அத்தனையும் பட்டு வந்தவைதான் நான் கழற்றிய நான்கும்.

பழசுதான் வேண்டும் என்று நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதற்குமுன் புதிதாக வாங்கிய ஒரு ஜோடி, அரைமணி நேரம் வாசிப்பதற்குள் ஷார்ட் ஆகிப் போனது. ஹாக்சா பிளேடால் தொப்பியை அறுத்துத் திறந்தேன். அகன்ற தட்டின் நடுவில் மிளகளவுக்கு ஒரு சில்லு. மைக்செட்டிலிருந்து எடுத்த நான்கில் ஒன்று செத்திருந்தது. அதையும் அறுத்துப் பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்குச் சதுரச் சிலிக்கான், தடித்த இணைப்புகள். இரண்டின் வெளித்தோற்றமும் ஒன்றுதான். மிச்சமிருந்த மூன்றில் மின்பெருக்கம் நெருங்கி வந்த இரண்டைத் தேர்ந்தெடுத்தேன்.

3055-இன் எல்லை 60 வோல்ட் என்பதால் ஆம்ப்ளிஃபயரின் அளவை அதுவே தீர்மானித்தது. ஒரு டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்திருக்கும்போது மற்றவன் மேல் பிளஸ் மைனஸ் இரண்டு சப்ளை ரயிலின் வோல்டேஜும் சேர்ந்து விழும். 20-0-20 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சுற்றித் தரச் சொன்னேன். அதன் உச்ச வோல்டேஜில் பிரிட்ஜ் டையோடின் இழப்பைக் கழித்தால் மேலே 27, கீழே 27, மொத்தம் 54 வோல்ட். எட்டு ஓம் ஸ்பீக்கரில் சுமார் 35 வாட் வரும். ஒரு அறைக்கு அது தாராளம், சின்ன மேடைக்கும் போதும். டிரைவருக்கு பிடி139, பிடி140. லின்னின் சுற்றில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே மாதிரி திறக்காது. அதைச் சமன்செய்ய 1969-இல் பீட்டர் பாக்ஸாண்டல் சொன்ன ஒற்றை டையோடையும் சேர்த்துக்கொண்டேன்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது நேராகக் கொடுக்கக் கூடாது. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் மாட்டுவார்கள். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து, கெப்பாசிட்டர்கள் நிறைந்ததும் மங்கி அணையும். ஸ்பீக்கரை இணைக்காமல் சுவிட்சைப் போட்டேன். பளீரென்று எரிந்தது. அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்து, கெப்பாசிட்டர்களை ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டுத் தேடினேன். மேலே இருக்கும் 3055-இன் உடம்பு பிளஸ் ரயிலில் இருக்கிறது, ஹீட்சிங்க் சேஸிஸில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தொடாமல் காப்பது ஒரு மைக்கா தாள். தாளை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தேன். துளையின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. டிரில் போட்ட துளையில் எழும்பி நின்ற அலுமினியப் பிசிறு மைக்காவைக் குத்தியிருந்தது. பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றித் துளையின் வாயை வழித்தேன். விரலால் தடவி, எங்கும் உறுத்தவில்லை என்று உறுதிசெய்துகொண்டு புது மைக்கா, புதுப் பசை. இந்த முறை பல்பு எரிந்தது, சிவந்தது, இருட்டியது. அந்த இருட்டைப் போல மனதுக்கு நிறைவு தருவது இந்த வேலையில் வேறில்லை.

அடுத்தது பயாஸ். டிரான்சிஸ்டர் திறக்கச் சுமார் 0.6 வோல்ட் வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் ஒருவன் விட்டு மற்றவன் பிடிக்கும் இடத்தில் ஒரு இடைவெளி விழும். நாதம் தேய்ந்து அடங்கும்போது கரகரக்கும். அதிகம் கொடுத்தால் சூடாகும், சூடானால் அந்த 0.6 வோல்ட், டிகிரிக்கு இரண்டு மில்லிவோல்ட் வீதம் குறையும், குறைந்தால் இன்னும் மின்னோட்டம் பாயும், இன்னும் சூடாகும். அந்தச் சுழலில் மாட்டிய டிரான்சிஸ்டர் மீளாது. ஆகவே பயாஸைக் காக்கும் குட்டி டிரான்சிஸ்டரையும் அதே ஹீட்சிங்கில் பூட்டினேன், 3055-க்கு வரும் காய்ச்சல் அதற்கும் தெரிய வேண்டும் என்று. 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மீட்டர் 10 மில்லிவோல்ட் காட்டும்வரை பிரீசெட்டைத் திருகினேன். சுமார் 30 மில்லிஆம்பியர். ஒருமணி நேரம் சூடேற விட்டுப் பார்த்தும் அளவு ஓடவில்லை.

ரிலே வைத்த ஸ்பீக்கர் ப்ரொடெக்‌ஷன் போர்டு வழியாகப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரை இணைத்து கிடாரைச் செருகினேன். சுத்தமாக வந்தது. அவ்வளவுதான் வந்தது. கம்பியை மீட்டினால் ஒலி கேட்டது, விரலுக்கு எந்தப் பதிலும் இல்லை. அறுபது ஆண்டுகளுக்குமுன் அந்தக் கலைஞர்கள் எதைக் கேட்டு முகம் சுளித்தார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

எட்டு ஓம் ஸ்பீக்கர் எல்லாச் சுதிக்கும் எட்டு ஓம் அல்ல. அதன் இயல்பான அதிர்வு இருக்கும் நூறு ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் மின்தடை பல மடங்கு ஏறும், மேல்சுதியிலும் ஏறிக்கொண்டே போகும். வால்வு ஆம்ப்ளிஃபயர் அந்த ஏற்றத்துக்கு வளைந்துகொடுத்து அங்கே கூடுதல் வோல்டேஜ் தரும். அடிச்சுதியின் பருமனும் மேல்சுதியின் மினுக்கும் அப்படி வருபவை. டிரான்சிஸ்டர் சுற்றில் நாம் போடும் ஃபீட்பேக், அதாவது வெளியே போவதில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பித் திருத்தும் ஏற்பாடு, அந்த வளைவை மறுத்துவிடுகிறது.

மாற்று வழி எளிது. ஸ்பீக்கர் வயர் பூமிக்குத் திரும்பும் இடத்தில் 0.22 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, ஃபீட்பேக்கின் அடிமுனையைப் பூமியிலிருந்து பிரித்து அந்த ரெசிஸ்டரின் தலையில் இணைத்தேன். இப்போது ஸ்பீக்கர் எவ்வளவு மின்னோட்டத்தை வாங்குகிறது என்பது ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியும். பெருக்கம் 30 என்றால் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுத் தடை 0.22-ஐ முப்பதால் பெருக்கிய 6.6 ஓம். ஏறக்குறைய ஸ்பீக்கரின் தடைக்குச் சமம்; பிடி தளர்ந்துவிட்டது.

சோல்டர் ஆறியதும் தடித்த கம்பியை மட்டும் மீட்டினேன். பெட்டியின் பலகை காலில் அதிர்ந்தது. அழுத்தி மீட்டினால் முனகியது, மெல்லத் தொட்டால் விலகி நின்றது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி மீட்டினேன். பிறகு வெகுநேரம் வாசித்தேன். நடுவில் எழுந்துபோய் ஹீட்சிங்கில் கை வைத்தேன். சூடு இருந்தது, கையை எடுக்க வேண்டியதில்லை. 3055 இரண்டின் தொப்பிகளிலும் பழைய மைக்செட்டின் தூசி இன்னும் லேசாக இருந்தது. அதை நான் துடைக்கவில்லை.